ஆறு பேரும் சரியாக இருந்தார்கள்

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறேன். பதினெட்டு வருடமாக மாலை போட்டு சபரிமலைக்குப் போகிறேன். அதில் பாதிக்கு மேல் பெருவழிப் பாதைதான். அதாவது எருமேலியில் இறங்கி, காட்டுக்குள் இரண்டு மூன்று நாள் நடந்து பம்பையைப் பிடிப்பது. பம்பை வரைக்கும் பஸ் போகிறதே, எதற்கு நடக்கிறீர்கள் என்று பட்டறையில் கேட்பார்கள். ஐயப்பன் அந்தக் காட்டு வழியில்தானே போனார் என்பேன். அவர் புலி மேல் போனார் என்று ஒருத்தர் திருத்தினார். ஆனாலும் நடந்துதான் போகிறேன்.

அந்த வருடம் ஆறு பையன்களைக் கூட்டிக்கொண்டு போகும்படி ஆயிற்று. எங்கள் தெரு முடிகிற இடத்தில் அண்ணனூர் ரயில் ஷெட்டின் சுவர். சுவரை ஒட்டி ஹவுசிங் போர்டு பிளாக். பையன்கள் அந்த பிளாக்கைச் சேர்ந்தவர்கள். பதினாறு, பதினேழு வயது. இரண்டு பேர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள், நான்கு பேரைப் பள்ளிக்கூடம் விடுகிற நிலையில் இருந்தது. பகலெல்லாம் சுவர் மேல் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் யாருடைய வண்டியையாவது வாங்கிக்கொண்டு பைபாஸுக்குப் போய், முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி, அதைப் படமெடுத்துப் போடுவார்கள். எங்கள் தெருக் கோயில் கமிட்டியில் என்னைக் கூப்பிட்டு, "நீங்க தான் வருஷா வருஷம் போறீங்களே, இவனுங்களையும் காட்டுக்கு இட்டுனு போங்க, திருந்தி வருவானுங்க" என்றார்கள். காட்டில் திருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. ஐயப்பன் காரியம் என்று சொன்ன பிறகு மறுக்க வாய் வரவில்லை.

பையன்கள் உடனே ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் காரணம் தெரிந்தது. மாலை போட்டால் தாடி வளர்க்கலாம், பள்ளிக்கூடத்தில் கேட்க மாட்டார்கள்.

மாலை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். பேர் சொல்லக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. முதல் கட்டளையை அவர்கள் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள். தினமும் விடியற்காலை கோயில் குழாயடியில் குளிக்க வருவார்கள். நான் விளக்கேற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"என் சோப்ப எடுத்தது யாரு சாமி?"

"நான் இன்னாத்துக்கு சாமி உன் சோப்ப எடுக்கப் போறேன்?"

"மூஞ்சி ஒடைஞ்சிடும் சாமி."

"ஒட சாமி, பாக்கலாம்."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல முடியாது. சட்டப்படி சரியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஆறு பேரில் ஒருவன் ஒல்லி, மற்றவர்களை விட ஒரு தலை உயரம். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பான். ஒருநாள் பஜனை முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"குருசாமி, செருப்பு போட்டா இன்னா ஆவும்?"

"கால்ல முள்ளு குத்தாது."

"அப்போ போடலாமே."

"போடக் கூடாது."

"ஏன்?"

"குத்தணும்."

"சரி" என்று எழுந்து போனான். நான் அவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை.

இவனுடைய அம்மா ஐயப்பன்தாங்கலில் ஓர் அபார்ட்மெண்டில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிறவர். இருமுடி கட்டுகிற அன்று எல்லாப் பெற்றோரும் வந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக என் கையைப் பிடித்துக்கொண்டு, இவனை எப்படியாவது ஒழுங்குபண்ணிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த அம்மா கடைசியாக வந்தார்.

"திருந்தல்லாம் வேணாம் சாமி. போன மாரி திரும்பி வந்தா போதும்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் தெருவுக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரர், பெங்களூரில் வேலை இருக்கிறது, ஒரு வாரத்தில் வருகிறேன் என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதோடு சரி. அந்த வீட்டில் யார் பையைத் தூக்கினாலும் அந்த அம்மாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது மகன் இருமுடியைத் தூக்குகிறான்.

"எண்ணிப் பாத்துகினே போங்க சாமி. அது ஒண்ணு பண்ணுங்க."

"நூறு தடவை எண்ணுறேம்மா" என்றேன். மாலை போட்டிருக்கும்போது கொடுத்த வாக்கு. சும்மா சொன்னதில்லை.

என் வீட்டுக்காரி அப்போதே சொன்னாள், ஆறு இருமுடியிலும் ஆறு மஞ்சள் ரிப்பன் கட்டிவிடுங்கள், கூட்டத்தில் அடையாளம் தெரியும் என்று. சாமி கட்டில் ரிப்பன் எதற்கு, ஐயப்பன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டேன். ஐயப்பன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

எருமேலியில் முதல் முறை வருகிற கன்னிசாமிகள் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு பேட்டை துள்ள வேண்டும். அதாவது மேளத்துக்கு ஆடிக்கொண்டே போக வேண்டும். மற்ற குழுக்களில் கன்னிசாமிகள் கூச்சப்பட்டு, கையை லேசாக ஆட்டி, நடந்து போனார்கள். என்னுடைய ஆறு பேரும் எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விடாமல் ஆடிப் பழகியவர்கள். கேரளத்து மேளக்காரர் கொஞ்ச நேரத்தில் எங்களைப் பார்த்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். மற்ற குருசாமிகள் என்னிடம் வந்து, எங்கே பயிற்சி என்று விசாரித்தார்கள். அண்ணனூர் என்றேன்.

பிறகு காடு. எல்லோருடைய செல்போனையும் வாங்கி என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை. அவர்கள் முன்னால் நடக்க, நான் கடைசியில் வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணினேன். ஆறு கறுப்பு வேட்டி, ஆறு இருமுடி. பாதை நடுவில் யானை லத்தி கிடந்தது. உயரமானவன் குனிந்து கையை மேலே நீட்டிப் பார்த்தான்.

"சூடா கீது குருசாமி."

அதற்குப் பிறகு வெகு நேரம் வரை எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆறு பேரும் என் வேட்டியைத் தொடுகிற தூரத்தில் நடந்தார்கள்.

மறுநாள் காலை அழுதா நதியில் குளித்தோம். கன்னிசாமிகள் ஆற்றிலிருந்து ஆளுக்கு ஒரு கல் எடுத்து, மேலே கல்லிடும்குன்றில் போட வேண்டும். எடுத்து மடியில் முடிந்துகொண்டார்கள். நானே ஆறு பேர் தலையிலும் இருமுடியை ஏற்றிவிட்டேன். அங்கிருந்து அழுதா ஏற்றம். செங்குத்தாக இருக்கும். போனவர்களுக்குத் தெரியும், ஏற்றத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவர் குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டு போகிறோம்.

பாதி ஏற்றத்தில் எலுமிச்சை சோடா விற்கிற கொட்டகை. எல்லாக் கூட்டமும் அங்கே நிற்கும். நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது வயதான சாமி ஒருவர் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். நான் போய் அவர் காலில் தைலம் தேய்த்துவிட்டு வந்தேன். வந்ததும் எண்ணினேன். ஆறு. "நடங்க சாமி" என்றேன். நடந்தார்கள்.

நடுவில் நான்கு முறை வேட்டிகளை எண்ணினேன், ஏற்றத்தில் யார் உயரம் என்று தெரியாது. ஆறு, ஆறு, ஆறு, ஆறு.

கல்லிடும்குன்று வந்ததும் எல்லோரையும் நிறுத்தி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொறுப்பை ஒழுங்காகச் செய்த நிம்மதியோடு, பேரீச்சம்பழத்தை எடுத்து ஆளுக்கு நாலாகக் கொடுத்தேன். ஆறாவது ஆள் இரண்டு எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்தான்.

"போதுங்க சாமி."

நான் அப்படியே நின்றேன். இத்தனை நாளில் என்னுடைய ஆறு பேரில் ஒருவனும் என்னிடம் எதையும் போதும் என்று சொன்னதில்லை. 'ங்க' போட்டும் சொன்னதில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். உருண்டை முகம், நெற்றி நிறைய விபூதி. நான் ஜென்மத்தில் பார்த்திராத பையன்.

"நீ யாரு சாமி?"

"கோபிங்க. கோபிச்செட்டிபாளையம்."

"எங்க கூட எதுக்கு வர்ற?"

"எங்க குருசாமி முன்னாடிதானுங்க நடந்தேன்."

"நான் உங்க குருசாமி இல்லப்பா."

"இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றான். அவனுக்கும் முகம் வெளுத்துவிட்டது.

காணாமல் போனவன் அந்த உயரமானவன். சோடாக் கொட்டகையில் இரண்டு குழுவும் கலந்து நின்றபோது, இவன் எங்களோடு வந்துவிட்டான். அவன் அவர்களோடு போயிருக்க வேண்டும். போயிருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடிந்தது. அவர்களோடு போனானா, பக்கத்துக் காட்டில் எதற்காவது ஒதுங்கினானா, யாருக்குத் தெரியும்? அவனுடைய போன் என் பையில் இருந்தது.

அங்கே தமிழ்நாட்டுச் சேவைக்காரர்கள் ஒரு கஞ்சிப் பந்தல் போட்டிருந்தார்கள். மைக் இருந்தது. ஓடினேன். மைக்கில் இருந்தவர் பேனாவை எடுத்தார்.

"பேரு சொல்லுங்க சாமி."

எனக்கு அவன் பேர் தெரியாது. நாற்பது நாளுக்கு மேல் தினமும் பார்த்தவன். என் கையால் மாலை போட்டவன். சாமி என்றே கூப்பிட்டுவிட்டேன். அதற்கு முன்னால் சுவர் மேல் உட்கார்ந்திருந்த காலத்தில் 'டேய்' என்று கூப்பிட்டிருக்கிறேன். மற்ற ஐந்து பேரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் பேரு இன்னா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மெதுவாகச் சொன்னான். "நாங்க கூப்புடுறத மைக்ல சொல்ல முடியாது குருசாமி."

"நெஜப் பேரு?"

"அது தெர்லயே."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அடக்கிக்கொண்டேன். அப்புறம் தரிசன முன்பதிவுச் சீட்டு ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்தேன். ஆறு பையன்கள் பேரும் இருந்தது. ஐந்து பேரும் அவரவர் பேரைக் காட்டினார்கள். ஒவ்வொன்றாக விரலால் மறைத்துக்கொண்டே வந்தோம். மிச்சம் ஒரு பேர் நின்றது. பெருமாள் பேர், நீளமாக, அழகாக இருந்தது. அவன் அம்மா நினைத்து நினைத்து வைத்திருக்க வேண்டும். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

"ஊரு?"

அண்ணனூர் என்றால் யாருக்கும் தெரியாது என்று ஆவடி என்றேன். மூன்று தடவை மைக்கில் சொன்னார்கள். ஒலிபெருக்கி மலை முழுக்கக் கேட்டது. யாரும் வரவில்லை.

பையன்களில் ஒருவன், "நாங்க ரெண்டு பேர் கீழ ஓடிப் பாத்துட்டு வரோம் சாமி" என்றான். வேண்டாம் என்றேன். இருக்கிறவர்களையும் தொலைக்க எனக்குத் தெம்பில்லை. அங்கிருந்த வனக் காவலர், கீழே திரும்பாதீர்கள், கோபிக் குழு வேகமாகப் போகிற குழு, அரை மணிக்கு முன்னால் தாண்டிவிட்டது, முக்குழியில் தங்குவார்கள், பிற்பகலுக்கு மேல் பாதையில் ஆளை விட மாட்டோம், யானை இறங்குகிற நேரம் என்றார். நடந்தோம். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். கோபிப் பையனோடு சேர்த்து அப்போதும் ஆறு பேர்தான். ஒவ்வொரு தடவை ஆறு வரும்போதும் முதலிலிருந்து மறுபடி எண்ணினேன்.

பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக எனக்குச் சரணம் வாயில் வரவில்லை. முன்னால் ஐந்து பேரும் "சாமியே" என்று கத்துகிறார்கள், பதிலுக்கு நான் சொல்ல வேண்டும். மனசுக்குள்தான் பேசினேன். ஐயப்பா, நீயும் ஓர் அம்மா சொல்லிக் காட்டுக்குப் போன பிள்ளைதான். இந்த அம்மா இன்றைக்கும் அந்த அபார்ட்மெண்டில் நான்கு மாடி பெருக்கிக்கொண்டிருப்பாள். அவளிடம் நான் எந்த வாயால் பேசுவேன்? ரிப்பன் வேண்டாம் என்று சொன்னது நான். உன் மேல் பாரத்தைப் போட்டது பக்தி இல்லை, சோம்பல். அதற்கு என்னைக் கேள், அவனைக் கேட்காதே.

இப்படியே முக்குழி வரைக்கும் பேசிக்கொண்டு போனேன்.

முக்குழியில் கீற்றுக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கறுப்பு வேட்டி. எல்லோரும் இருமுடியை இறக்கி வைத்துவிட்டுப் படுத்திருந்தார்கள், சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும், மூன்றாவது கொட்டகைக்கு வெளியே, தலையில் இருமுடியோடு நேராக நின்றுகொண்டிருந்தான். எல்லோரையும் விட ஒரு தலை உயரம்.

கோபி குருசாமி அவன் காலடியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரியவர், தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"உங்க பையனுங்களா? நல்லதாப் போச்சுங்க. நான் வழியெல்லாம் எண்ணிட்டேதான் வந்தனுங்க. பதினொண்ணு, சரியா இருந்துச்சு. இங்க வந்து ஒவ்வொருத்தருக்கா இருமுடி எறக்கி வெக்கறேன், இந்தச் சாமி தலைக்குக் கைய நீட்டுனா, பின்னால தள்ளிப் போறாருங்க. அப்பத்தான் மூஞ்சியப் பாத்தேன்."

இருமுடியைத் தானாக இறக்கக் கூடாது, குருசாமிதான் ஏற்றுவார், அவர்தான் இறக்குவார் என்பது வழக்கம். ஆத்திர அவசரத்துக்கு எந்தச் சாமி வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். அந்த இரண்டாவது பாதியை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

"ஒரு மணி நேரமா நிக்கறாருங்க" என்றார் பெரியவர். "கஞ்சியும் நின்னுட்டேதான் குடிச்சாரு."

அவன் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"எங்க போய்ட்டீங்கோ குருசாமி?"

நான் எங்கே போய்விட்டேன் என்று கேட்கிறான். கையைத் தூக்கினேன், எட்டவில்லை. அவன் முழங்காலை மடித்து இறங்கினான். கோபிப் பெரியவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாக இறக்கினோம். அதற்குள் கோபிப் பையன் தன் குழுவுக்குள் போய் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மைக்ல சொன்னது கேக்கலியா உனக்கு?" என்றேன்.

"கேட்டுச்சி குருசாமி. அதே பேர்ல இன்னொர்த்தன் ஆவடில கீறான் போல, பாவம் தொலஞ்சிட்டான்னு நெனச்சேன். நான்தான் உங்க கூட போய்கினு கீறனே."

அதிலும் குற்றம் சொல்ல இடமில்லை. மற்ற ஐந்து பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து கழுத்தை நீவிவிட்டார்கள். நீவிக்கொண்டே கேலியும் நடந்தது.

"இன்னா சாமி, அவுங்க பாஷ கத்துகினியா?"

"போங்கோ சாமி."

"தோ பார்றா, 'ங்கோ' வந்துச்சி."

"அங்க மரியாத ஜாஸ்தி சாமி" என்றான் அவன். "கஞ்சி ஊத்தும்போது 'சாப்புடுங்க'ன்னாரு. எங்கிட்ட. நான் யாரோ பின்னாடி நிக்கிறாங்கன்னு திரும்பிப் பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கஞ்சி வாங்கப் போகிற மாதிரி எழுந்து போனேன்.

கரிமலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஏறினோம், இறங்கினோம். நான் முகத்தைப் பார்த்து எண்ணினேன். பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தித் திரும்பச் சொன்னதில் பையன்களுக்கு எரிச்சல். எங்கள் பின்னால் வந்தவர்களுக்கு அதைவிட எரிச்சல்.

பம்பையில் டவர் கிடைத்தது. உயரமானவனின் அம்மாவுக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அத்த அம்மாகிட்ட சொல்லாதீங்க குருசாமி."

"மாலை போட்டுகினு பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்ல வேணாம். கேட்டா சொல்லுங்க. அது கேக்காது. இது தெரிஞ்சா இனிமே பால் வாங்கக் கூட தனியா அனுப்பாது."

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நூறு தடவை எண்ணுகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னவன் நான். எண்ணினேன் என்று மட்டும் சொல்லி முடித்தால், அது உண்மையைச் சொல்லியே சொன்ன பொய்யாகிவிடும். போட்டேன். உடனே எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. சொன்னேன். கொட்டகை, கோபி, கஞ்சிப் பந்தல், முக்குழி, எதையும் விடாமல் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கட் ஆகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ரெண்டு வயசுல அம்பத்தூர் மார்க்கெட்ல இப்டிதான் பண்ணான் சாமி" என்றார் கடைசியில். "என் பொடவைன்னு நெனச்சிகினு வேற ஒரு அம்மா பொடவைய புட்சிகினு போய்ட்டான். அந்தம்மாவும் பாக்கல. ரயில் டேசன் வரிக்கும் போய்ட்டாங்க. நான் அழுதுகினு ஓடறேன், இவன் கையில முறுக்கு. உனக்கு இன்னா ஆச்சின்னு என்னிய கேக்குறான்."

"ம்" என்றேன்.

"அவனா எங்கியும் போ மாட்டான் சாமி. அது எனக்குத் தெரியும். கூட போறவங்க யாருன்னு மட்டும் பாக்க மாட்டான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"சாப்ட்டானா?"

"அவங்க கூட ஒரு தடவை, எங்க கூட ரெண்டு தடவை."

"கழுத்து வலிக்குதாமா?"

அவனைப் பார்த்தேன். தலையை ஆட்டப் பார்த்து, முடியாமல், உடம்பையே இரண்டு பக்கமும் திருப்பி இல்லை என்றான்.

"வலிக்குதும்மா" என்றேன்.

"அப்போ இன்னிக்கி மேல ஏற வேணாம். ராத்திரி படுத்துகினு காலைல போங்க. சாமி எங்கியும் ஓடிட மாட்டாரு." பின்னால் கண்டக்டர் குரல் கேட்டது. "பஸ்ஸு வந்துச்சி சாமி, வெச்சிர்றேன்."

நான் நினைத்திருந்தது அன்றைக்கே ஏறிவிட வேண்டும் என்று. பதினெட்டு வருடமும் அப்படித்தான் செய்திருக்கிறேன். பையன்களைக் கூப்பிட்டு, பாயை விரிக்கச் சொன்னேன். ஆறு பாய் விரித்தார்கள். அவனை நடுவில் படுக்க வைத்தோம்.